முன்னணையைத் தாண்டிப் போகாதீர்கள்: கிறிஸ்துமஸ் ஏற்பாடு செய்யும் சபைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர்களுக்கும், ஆயர்களுக்கும், சபைக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும்,

இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

கிறிஸ்துமஸ் ஏற்பாடுகளுக்காக நீங்கள் கூடிப் பேசும் நேரம் இது. யார் செய்தி கொடுப்பது, பாடகர் குழு எத்தனை பாட்டுப் பாடுவது, மேடையை எப்படி அலங்கரிப்பது, விருந்துக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று பட்டியல் போடுவீர்கள். அந்தப் பட்டியல் முடிவாவதற்குள் இந்த மடலை வாசித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வருடாவருடம் உங்கள் எதிரே உட்கார்ந்து கிறிஸ்துமஸ் செய்தி கேட்கிற ஒரு சாதாரண விசுவாசியின் விண்ணப்பம் இது. குழந்தை இயேசுவைக் கிடத்திய தீவனத் தொட்டியாகிய முன்னணையை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். அவ்வளவுதான்.

நாங்கள் கேட்கிற பல செய்திகளில் முன்னணை ஒரு நிமிடம் வந்து போகிறது. "ராஜாதி ராஜா மாட்டுத் தொழுவத்தில் பிறந்தார், என்ன ஒரு தாழ்மை!" என்று ஒரு வரி. அப்புறம் நேரே சிலுவைக்கோ, உள்ளத்தில் இடம் கொடுப்பதற்கோ, வரப்போகிற வருடத்தின் ஆசீர்வாதத்துக்கோ போய்விடுகிறோம். சிலுவையைப் பேச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சுவிசேஷத்தை எழுதிய லூக்கா இவ்வளவு அவசரப்படவில்லையே! இரண்டாம் அதிகாரத்தில் பத்தே வசனங்களுக்குள் மூன்று தடவை முன்னணையைச் சொல்கிறார். 7-ஆம் வசனத்தில் மரியாள் பிள்ளையை அதில் கிடத்துகிறாள். 12-இல் தூதன் அதைச் சொல்லி மேய்ப்பர்களை அனுப்புகிறான். 16-இல் அவர்கள் போய், சொன்னபடியே அதில் கிடக்கக் காண்கிறார்கள்.

"பிள்ளையைத் துணிகளில் சுற்றி, முன்னணையிலே கிடத்தியிருக்கக் காண்பீர்கள், இதுவே உங்களுக்கு அடையாளம்." இந்த வசனத்தின்மேல் ஒரு முழுப் பிரசங்கத்தை நான் இன்னும் கேட்டதில்லை. கர்த்தருடைய மகிமை மேய்ப்பர்களைச் சுற்றிலும் பிரகாசித்தது, பரமசேனையின் திரள் தோன்றிப் பாடியது. எல்லாம் வயல்வெளியில் நடந்தது. குழந்தை கிடந்த இடத்தில் ஒளி வீசியதாக லூக்கா ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. முகத்தில் தேஜஸ் இருக்கும், அதை வைத்து அறிந்துகொள்ளுங்கள் என்று தூதன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. துணியில் சுற்றுவது எல்லாத் தாய்மாரும் செய்கிற காரியம். பெத்லகேமில் அன்று வேறு பிள்ளைகள் பிறந்திருந்தால் அவையும் துணியில்தான் சுற்றப்பட்டிருக்கும். வேறு யாரும் பிள்ளையைக் கிடத்தாத இடத்தில் இந்தப் பிள்ளை கிடக்கும் என்பதுதான் அந்த மேய்ப்பர்களுக்குக் கிடைத்த ஒரே தடயம். அப்படியானால் முன்னணை கதைக்குப் பின்னால் தொங்குகிற திரைச்சீலை ஆகாது. இரட்சகரை அடையாளம் கண்டுகொள்ள தேவன் கொடுத்த வழி அது.

அந்தக் காலத்து முன்னணை எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கால்நடைகளுக்குத் தீவனம் வைக்கிற தொட்டி. கல்லைக் குடைந்து செய்தவை மெகிதோ போன்ற இடங்களில் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. களிமண்ணால் கட்டிப் பூசியவையும் உண்டு. மிருகங்கள் நக்கி நக்கி உட்புறம் வழவழப்பாகியிருக்கும். விளிம்பில் எச்சில் காய்ந்திருக்கும், மூலையில் பழைய தீவனத்தின் தூசி ஒட்டியிருக்கும். இரவில் கல் சில்லென்று இருக்கும். வைக்கோல் பரப்பாமல் பச்சைக் குழந்தையை அதில் போட முடியாது. நம் குடில்களில் பளபளப்பான தாள் ஒட்டி, மின்விளக்கு வைத்து, வெல்வெட் விரித்து நாம் வைக்கிற தொட்டிலைப் பார்த்தால் அந்த மேய்ப்பர்கள் தாண்டிப் போயிருப்பார்கள். அவர்களிடம் சொல்லப்பட்ட அடையாளம் அதுவல்ல.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் கிறிஸ்துமஸ் நாடகங்களில் ஒரு சத்திரக்காரர் கட்டாயம் வருவார். முகத்தைச் சுளித்து, "இடமில்லை, போங்கள்" என்று கதவைச் சாத்துவார். லூக்காவில் அப்படி ஒருவர் இல்லவே இல்லை. இடமில்லாதிருந்தது என்று மட்டும் இருக்கிறது. யாரையும் அவர் குற்றம் சொல்லவில்லை. நாமாக ஒரு கல்நெஞ்சக்காரரை உண்டாக்கி, பழியை அவர்மேல் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறோம். அந்தக் குடும்பம் ஏன் அங்கே போக வேண்டிவந்தது என்று லூக்கா தெளிவாகச் சொல்கிறார்: "உலகமெங்கும் குடிமதிப்பு எழுதப்படவேண்டுமென்று அகுஸ்துராயனால் கட்டளை பிறந்தது." குடிமதிப்பு என்றால் வரி வாங்குவதற்காக எடுக்கிற ஜனங்களின் கணக்கு. ரோமாபுரியில் உட்கார்ந்திருக்கிற ஒரு பேரரசர் போட்ட கட்டளைக்காக, நாசரேத்தில் இருக்கிற ஒரு தச்சரும் நிறைமாத கர்ப்பிணியும் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்கிறார்கள்.

அந்த அகுஸ்துராயனைப் பற்றி உலகம் என்ன பேசிக்கொண்டிருந்தது தெரியுமா? இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் பிரியேனே என்ற பழைய பட்டணத்தில் ஒரு கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கி.மு. 9-ஐச் சேர்ந்தது. அவருடைய பிறந்தநாளையே வருடத்தின் முதல் நாளாக வைத்துக்கொள்வோம் என்று ஆசிய மாகாணத்துப் பட்டணங்கள் எடுத்த தீர்மானம் அதில் இருக்கிறது. அவர் இரட்சகர், யுத்தத்தை நிறுத்தியவர், அவர் பிறந்த நாள்தான் உலகத்துக்கு நற்செய்தியின் தொடக்கம் என்கிறது அது. அதே கி.மு. 9-இல் ரோமாபுரியில் அகுஸ்துவின் சமாதானத்துக்கென்று பளிங்கில் ஒரு பலிபீடமும் பிரதிஷ்டை செய்தார்கள். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு தூதனின் செய்தியையும் பரமசேனையின் பாட்டையும் திரும்ப வாசியுங்கள். நற்செய்தி, இரட்சகர், கர்த்தர், பூமியிலே சமாதானம். இராயனுக்குச் சூட்டிய அத்தனை பட்டங்களையும் தூதன் தீவனத் தொட்டியில் கிடக்கிற ஒரு குழந்தைக்குக் கொடுக்கிறான். இரவில் மந்தை காக்கிறவர்களிடம் அதைச் சொல்கிறான். லூக்கா சும்மா தேதி குறிப்பதற்காக இராயனின் பெயரை எழுதவில்லை என்றே நான் நம்புகிறேன்.

பக்கத்திலேயே இன்னொருவனும் இருந்தான். பெத்லகேமுக்குத் தென்கிழக்கே சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் ஏரோதியம் என்ற குன்று இருக்கிறது. ஏரோது ராஜா தன் பெயரிலேயே கட்டிய கோட்டை அரண்மனை. இருந்த குன்றின்மேல் மண்ணைக் கொட்டிக் கூம்பாக உயர்த்தினான். கீழே பெரிய குளம், தோட்டங்கள், குளியல் மண்டபங்கள். செத்தபின் அவனை அங்கேதான் அடக்கம் செய்தார்கள் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். பெத்லகேம் மேட்டிலிருந்து இன்றைக்கும் அந்தக் குன்று தெரியும். தேவன் ராஜாக்களின் ராஜாவை அனுப்பும்போது பக்கத்தில் ஓர் அரண்மனை தயாராக இருந்தது. அதை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த அரண்மனைக்காரனின் பட்டயத்துக்குத் தப்பி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்கு ஓட வேண்டிவந்ததை மத்தேயு சொல்கிறார்.

அப்புறம் லூக்கா 2:24. கிறிஸ்துமஸ் ஆராதனையில் வாசிப்பு பெரும்பாலும் 20-ஆம் வசனத்தோடு நின்றுவிடும். மேய்ப்பர்கள் தேவனை மகிமைப்படுத்தித் திரும்பிப் போவதோடு முடிப்பது வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் நாற்பது நாள் கழித்து யோசேப்பும் மரியாளும் எருசலேம் தேவாலயத்துக்குப் போகிறார்கள். ஒரு ஜோடு காட்டுப்புறாவை, அல்லது இரண்டு புறாக்குஞ்சுகளைப் பலியாகச் செலுத்த. லேவியராகமம் 12-ஐத் திருப்பிப் பாருங்கள். பிள்ளை பெற்ற தாய் ஓர் ஆட்டுக்குட்டி கொண்டுவர வேண்டும். ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவள் மட்டும் இரண்டு பறவைகளைக் கொண்டுவரலாம். அது ஏழைகளுக்கென்று நியாயப்பிரமாணம் கொடுத்த சலுகை. தேவ ஆட்டுக்குட்டியாகிய இயேசுவைக் கையில் ஏந்திக்கொண்டு வந்த தாயிடம் ஆட்டுக்குட்டி வாங்கப் பணமில்லை! இதைச் சொல்லாமல் கிறிஸ்துமஸை எப்படி முடிக்க முடிகிறது என்று எனக்குப் புரியவில்லை. மற்ற தாய்மார் ஆட்டுக்குட்டியோடு நிற்கிற இடத்தில் மரியாள் பறவைக் கூண்டோடு நின்றிருப்பாள். பார்த்தவர்களுக்கு அவளுடைய நிலைமை அந்தக் கணமே தெரிந்திருக்கும். கையில் எது இருக்கிறது என்பதை வைத்து ஜனங்கள் அளவெடுக்கிற அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு.

அதே மரியாள்தான் கர்ப்பவதியாக இருந்தபோது பாடினாள்: "பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார். பசியுள்ளவர்களை நன்மைகளினால் நிரப்பி, ஐசுவரியமுள்ளவர்களை வெறுமையாய் அனுப்பிவிட்டார்." அமைதியான நீல ஆடைப் பெண்ணாக மட்டும் அவளைக் குடிலில் நிறுத்திவிட்டு, இந்தப் பாட்டை நாம் வாசிக்காமல் விட்டுவிடக் கூடாது.

இதெல்லாம் சூழ்நிலை, உபதேசம் இல்லை என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். முக்கியம் மனுவுருவாதல்தான், அதாவது தேவன் மனிதனானதுதான், அது எந்த இடத்தில் நடந்தால் என்ன என்று கேட்கக்கூடும். சபையின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் லூக்காவின் சுவிசேஷத்தை எடுத்து, முதல் பகுதிகளை வெட்டிவிட்டார். அவருடைய சுவிசேஷத்தில் பிறப்பு இல்லை, மரியாள் இல்லை, முன்னணை இல்லை. திபேரியு ராயனின் பதினைந்தாம் வருஷத்தில் இயேசு வளர்ந்த ஆளாக கப்பர்நகூமுக்கு இறங்கி வருகிறார். ஒரு தெய்வம் கர்ப்பத்திலும் துணியிலும் தொட்டியிலும் கிடப்பது அவருக்குக் கேவலமாகப் பட்டது. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜிலிருந்து தெர்த்துல்லியன் என்ற சபை எழுத்தாளர் அவருக்குப் பதில் எழுதும்போது, இராயனின் தொல்லை பிடித்த குடிமதிப்பையும் நெருக்கமான சத்திரத்தையும் அழுக்குத் துணிகளையும் கடினமான முன்னணையையும் அப்புறப்படுத்தச் சொல்கிறவர் இவர் என்று குத்திக்காட்டினார். மார்சியோன் வெட்டிப் போட்டதைச் சபை திரும்ப எடுத்து வைத்துக்கொண்டது. அந்த அழுக்குத் துணிகள் இல்லாமல் மாம்சமானார் என்று சொல்ல முடியாது என்று சபைக்குத் தெரிந்திருந்தது. ஏற்றுக்கொள்ளப்படாதது குணமாக்கப்படுவதில்லை என்று பின்னாளில், நான்காம் நூற்றாண்டில், ஆயர் நசியான்சு கிரகோரி சொன்னார். பசியால் அழுகிற, பிறர் தூக்காமல் நகர முடியாத குழந்தைப் பருவத்தையும், இடமில்லாத குடும்பத்தின் வாழ்க்கையையும் கர்த்தர் ஏற்றுக்கொண்டார். ஆகவே அவர் மீட்க முடியாத மனித நிலை என்று ஒன்று இல்லை. எனக்கு கிறிஸ்துமஸ் நற்செய்தியாக இருப்பதற்கு இதுவே காரணம்.

பவுல் இதை எங்கே பேசுகிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? "அவர் ஐசுவரியமுள்ளவராயிருந்தும், நீங்கள் அவருடைய தரித்திரத்தினாலே ஐசுவரியவான்களாகும்படிக்கு, உங்கள்நிமித்தம் தரித்திரரானாரே." இது காணிக்கை சேகரிக்கிற இடத்தில் வருகிற வசனம். எருசலேமில் கஷ்டப்படுகிற விசுவாசிகளுக்காகக் கொரிந்து சபையாரிடம் பணம் கேட்கும்போது, கிறிஸ்துவின் பிறப்பையும் தாழ்மையையும் அவர் ஆதாரமாக வைக்கிறார். ஒருவருடைய மிகுதி இன்னொருவருடைய குறைவை நிரப்பி, சமநிலை உண்டாக வேண்டும் என்று அடுத்த சில வசனங்களில் சொல்லிவிடுகிறார். அவருடைய மனதில் மனுவுருவாதலும் பணப்பையும் ஒரே பத்தியில் இருந்தன.

ஒரு சபையின் கிறிஸ்துமஸ் விழாவில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எந்தச் சபை என்பது வேண்டாம். உதவி வழங்கும் நிகழ்ச்சி. பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக மேடையேறிப் பையை வாங்கினார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் வாங்கிக்கொண்டு சட்டென்று இறங்கப் பார்த்தார். படம் சரியாக விழவில்லை என்று திரும்பக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். முகத்தை நிமிர்த்தச் சொன்னார்கள், குழந்தையையும் இந்தப் பக்கம் காட்டச் சொன்னார்கள். பை கொடுத்தவர் புன்னகையோடு காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னாலேயே குடில் இருந்தது. மேடையில் இருந்த யாரும் கெட்டவர்கள் இல்லை. கொடுக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடுதான் அத்தனையும் செய்தார்கள். ஆனால் கொரிந்தியரிடம் பவுல் கேட்ட கேள்விதான் என் மனதில் ஓடியது: "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?"

நம் முன்னோர்கள் இதை உணர்ந்திருக்கிறார்கள். வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் கி.பி. 386 முதல் சாகும்வரை பெத்லகேமிலேயே வாழ்ந்தவர். அங்கே ஒரு கிறிஸ்துமஸ் பிரசங்கத்தில் அவர் வருத்தப்பட்டுச் சொன்னது இன்றும் நம்மிடம் இருக்கிறது. கிறிஸ்துவுக்குக் கனம் செய்கிறோம் என்று மண்ணாலான முன்னணையை எடுத்துவிட்டு வெள்ளியில் ஒன்றை வைத்துவிட்டார்கள், எனக்கோ எடுத்துப் போட்டதுதான் அதிக விலையேறப்பெற்றது என்றார். வைத்தவர்களை அவர் கண்டிக்கவில்லை, பக்தியில்தான் செய்தார்கள் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் பொன்னிலும் வெள்ளியிலும் பிறக்காமல் மண்ணில் பிறந்த கர்த்தரைக் கண்டுதான் அவர் வியந்தார். ஏறக்குறைய அதே காலத்தில் அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம் என்ற பிரசங்கியார், ஆலயத்துக்குள் கிறிஸ்துவைப் பட்டாடையால் கனப்படுத்திவிட்டு, வெளியே குளிரில் ஆடையில்லாமல் நிற்கிற அவரைக் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள் என்று பிரசங்கித்தார். 1223-இல் அசிசியின் பிரான்சிஸ் என்ற துறவி இத்தாலியில் கிரேச்சோ என்ற மலையூரில் வைக்கோலும் மாடும் கழுதையுமாக முன்னணையை ஏற்படுத்தினார். குழந்தை இயேசு பட்ட கஷ்டத்தைக் கண்ணால் காண வேண்டும் என்பதே அவருடைய ஆசை. நம் குடில்களெல்லாம் அங்கிருந்து கிளைத்தவை. கஷ்டத்தைக் காட்டுவதற்காக வந்த வழக்கத்தை நாம் அழகுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

சரி, கொண்டாட்டமே கூடாதா? கூடும். பரமசேனையே பாடியதே! மகா சந்தோஷத்தை உண்டாக்கும் நற்செய்தி என்றுதானே தூதன் சொன்னான். கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் பொன்னைக் கொண்டுவந்தபோது யாரும் தடுக்கவில்லை. பாடுங்கள், விளக்கேற்றுங்கள், விருந்து வையுங்கள். வறுமையைப் புகழ்ந்து பிரசங்கிக்கவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இயேசுவே தொழுவத்தில் பிறந்தார், நீங்களும் இருப்பதைக் கொண்டு திருப்தியாயிருங்கள் என்று இல்லாதவர்களுக்குப் புத்தி சொல்ல முன்னணையை உபயோகிக்காதீர்கள். வறுமை நல்லது என்பதற்காக அவர் அதில் பிறக்கவில்லை. அதில் கிடக்கிறவர்களை விட்டு விலகி நிற்க மனமில்லாததால் பிறந்தார். அதனால்தான் அந்தத் தொட்டியைக் கண்ட மேய்ப்பர்கள் பயமில்லாமல் உள்ளே போக முடிந்தது. அரண்மனையாக இருந்திருந்தால் வாசற்காவலரைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

ஆகவே உங்கள் கூட்டத்தில் இவற்றைப் பேசிப் பார்க்கும்படி வேண்டுகிறேன். உதவி கொடுக்கும்போது மேடையும் படமும் வேண்டாம், வீட்டுக்குப் போய்க் கொடுத்தாலே போதும். விருந்து நடந்தால், உதவி வாங்குகிறவர்களுக்கென்று தனிப் பந்தி போடாமல் கமிட்டி அங்கத்தினர்கள் அவர்களோடு ஒரே பந்தியில் உட்காருங்கள். விருந்து பண்ணும்போது ஏழைகளை அழைக்கச் சொன்ன கர்த்தர், பொட்டலம் கட்டி அனுப்பச் சொல்லவில்லை. அலங்காரத்துக்கு ஒதுக்கிய தொகையையும் இல்லாதவர்களுக்கு ஒதுக்கிய தொகையையும் ஒரே தாளில் அருகருகே எழுதி ஒருமுறை பாருங்கள். காணிக்கை எடுக்கும் நேரத்தில் 2 கொரிந்தியர் 8:9-ஐ வாசியுங்கள். செய்தி கொடுக்கிறவர், இந்த ஒரு வருடமாவது, லூக்கா 2:12-லேயே நின்று பேசட்டும்.

வேதபாடம் வாசிக்க யாரைக் கூப்பிடுவது என்றும் இப்போதே யோசித்து வையுங்கள். வழக்கமாக அது பொறுப்பில் இருப்பவர்களுக்கும் சிறப்பு விருந்தினருக்கும் போகிறது. இம்முறை ஆலயத்தைப் பெருக்குகிறவரையோ, இரவுக் காவல் வேலை பார்க்கிறவரையோ, வாடகை கொடுக்க முடியாமல் வீடு மாறிக்கொண்டிருக்கிற ஒரு தாயையோ கூப்பிடுங்கள். நிதானமாக வாசிக்க அவர்களுக்கு நேரம் கொடுங்கள். வாசிப்பு 24-ஆம் வசனம்வரை போகட்டும்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சபையின் அங்கத்தினர் ஒருவர்